சீல் மாற்றுவதற்கு முன் மூச்சுக் குழாயைப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் என் 1969ஆம் ஆண்டு எம்ஜிபி கார் நிற்கிறது. கூரை மடக்கும் ரோட்ஸ்டர், ஸ்ரீ இலக்கத் தகடு, 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்பரேற்றர். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 தொடக்கம் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி என்பதால், இன்றைக்கும் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. லண்டனில் இருந்து வரும் யாராவது சூட்கேசில் போட்டுக்கொண்டு வந்தால் போதும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது, கியூஆர் பங்கீட்டில் கிடைத்த சில லீற்றரை வீட்டு வாகனத்துக்கு வைத்துக்கொண்டு இதை மூடி நிறுத்திவிட்டேன். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிக்கு என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ரப்பர் எல்லாம் காய்ந்து இறுகியது. திரும்ப ஓட்டத் தொடங்கியதும் முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் சொட்டியது.

பழைய இங்கிலாந்துக் கார் என்றால் ஒழுகத்தான் செய்யும், விட்டுவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், ஒரு சொட்டைக் கண்டதும் எஞ்சினை இறக்கி, ஒயிலைத் தடுக்கும் வளையங்களான சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று சொல்லும் கராஜ்களும் உண்டு. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிடிக்காமல் புது சீல் போட்டால் அந்த சீலும் கொஞ்ச நாளில் ஒழுகும்.

முதலில், விழுவது என்ன என்று தெரிய வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்கு வாங்கும் வெள்ளை பிரிஸ்டல் போட் அட்டையை நாலைந்து ஒட்டி, வண்டிக்குக் கீழே நீளமாக விரித்தேன். நாலு சக்கரமும் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் எந்தச் சொட்டு எதற்கு நேரே விழுந்திருக்கிறது என்று தெரியும். சீமெந்துத் தரையில் எல்லாமே கறுப்பாகத் தெரியும், வெள்ளையில்தான் நிறம் பிரியும்.

எஞ்சின் ஒயில் கறுத்திருக்கும். இந்த வண்டியின் கியர் பொக்ஸுக்கும் அதே 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயில்தான் ஊற்ற வேண்டும், ஆனால் அங்கே புகைக்கரி சேராததால் நெடுநாள் தேன் நிறத்திலேயே இருக்கும். இந்த வித்தியாசம் பிறகு மிகவும் உதவியது. பின் அச்சில் ஈபி 90 என்ற கியர் ஒயில், விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனால் கந்தக நெடி அடிக்கும். பிரேக், கிளச் திரவம் மெல்லியது, பழசானால் தேயிலைச் சாயம் போலிருக்கும், பெயின்றை உரித்துவிடும். கூலன்ட் பச்சை. சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஒயில் மேலே மிதக்கும். சாதாரண பிரேக் திரவமும் கூலன்டும் தண்ணீரோடு கலந்துவிடும். சிலர் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் அது நஞ்சு. பூனை, நாய் இருக்கும் வளவில் தரையில் தேங்கவும் விடக்கூடாது.

என் அட்டையில் தெரிந்தவை: எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையில் ஒரு பெரிய ஒயில் வட்டம், முன்னால் கிராங்க் தண்டின் கப்பிக்கு நேரே சின்னச் சொட்டுகள், எஞ்சினின் இடது பக்கம் நீளமாக ஒரு ஈரம், பின் இடது சக்கரத்தின் உட்பக்கம் ஒரு கறை. இவற்றோடு ஓட்டுநர் பக்கக் கம்பளமும் நனைந்திருந்தது.

எதை முதலில் பார்ப்பது என்பதில் எனக்கு ஒரே விதிதான். பிரேக் திரவமும் பெற்றோலும் முதல், மற்றவை பிறகு. ஒயில் சொட்டினால் தரை அழுக்காகும். பிரேக் திரவம் சொட்டினால் கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் மிதிக்கும்போது பெடல் கீழே போகும். பெற்றோல் விஷயமும் அப்படித்தான். இந்த எஞ்சினில் கார்பரேற்றர்களும் புகைபோக்கி மனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, இடையில் ஒரு தகரத் தடுப்பு மட்டும். நெடுநாள் நின்ற வண்டியில் பெற்றோல் பிசினாகி, மிதவைக் கிண்ணத்தின் ஊசி வால்வு சரியாக மூடாமல் பெற்றோல் வழியும். நான் வண்டியை முதலில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே இரண்டு கிண்ணத்தையும் திறந்து கழுவி, ஊசியும் இருக்கையும் புதிது போட்டேன். அதனால் அந்தப் பக்கம் தொல்லை வரவில்லை.

பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை எடுத்தேன். அங்கே இரண்டு சாத்தியம்: சக்கர சிலிண்டரில் இருந்து பிரேக் திரவம் வரலாம், அல்லது அச்சின் ஹப் சீலைத் தாண்டி ஈபி 90 வரலாம். சிலிண்டரின் ரப்பர் உறையை மெதுவாக ஓரம் விலக்கிப் பார்த்தேன், உள்ளே உலர்ந்திருந்தது. டிரம்மின் உள்விளிம்பில் இருந்த பசை கந்தக நெடி அடித்தது. சரி, ஹப் சீல். ஆனால் அதைக் கழற்றும் முன் கொட்டாஞ்சேனையில் உள்ள என் மெக்கானிக் அண்ணைக்கு அழைத்துச் சொன்னேன். அவர் இந்த வகை எஞ்சின்களோடு வாழ்நாள் முழுக்கப் பழகியவர்.

"தம்பி, சீலைப் பிறகு பாப்பம். அச்சுக்கு மேல ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கு. அது அடைச்சிருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ."

அச்சுக் குழாயின் மேல் சின்ன மூடி மாதிரி ஒரு பாகம் திருகியிருக்கும். ஓடும்போது உள்ளே ஒயில் சூடாகி காற்று விரியும். அந்தக் காற்று வெளியே போகும் வழி இதுதான். என் வண்டியில் அது மண்ணும் கிறீசும் சேர்ந்து கல்லாகிக் கிடந்தது. வழி அடைபட்டால் விரியும் காற்று ஒயிலையும் தள்ளிக்கொண்டு, எங்கே பலவீனமோ அங்கே வெளியேறும். துளையைக் கம்பியால் குத்திச் சுத்தமாக்கினேன். அந்தப் பக்கத்து சீல் எப்படியும் இறுகிப் போயிருந்ததால் அதையும் மாற்றினேன். பிரேக் சப்பாத்துகளில் ஒயில் ஊறியிருந்ததால் அவையும் போயின. ஒயில் ஊறிய சப்பாத்தைக் கழுவிப் போடுவது எனக்கு ஒப்பாத வேலை. அவர் அதோடு விடவில்லை. "அப்ப எஞ்சின்ர மூச்சையும் பாருங்கோ, தம்பி," என்றார். இந்த முழு வேலையிலும் எனக்குக் கிடைத்த மிகப் பெறுமதியான சொல் அதுதான்.

எஞ்சினுக்குள் பிஸ்டன்களைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு எப்போதும் கீழே இறங்கும். புது எஞ்சினிலும் இறங்கும். அதை வெளியே எடுக்கவே ஒரு குழாய் அமைப்பு இருக்கிறது. என் வண்டியில் எஞ்சினின் இடது பக்கம், மனிபோல்டுக்குக் கீழே, வால்வுகளை இயக்கும் தப்பெட்டுகளை மூடும் இரண்டு தகர மூடிகள் உண்டு. முன் மூடியில் ஒரு தகரக் குப்பி ஒட்டியிருக்கும், உள்ளே கம்பி வலை. அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் மேலே வந்து இரண்டாகப் பிரிந்து இரு கார்பரேற்றருக்கும் போகும். கார்பரேற்றரின் உறிஞ்சல் எஞ்சினுக்குள் இருக்கும் வாயுவை இழுக்கும். அதற்கு ஈடாக, ஒயில் ஊற்றும் மூடியில் உள்ள வடிகட்டி வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். 1960களின் கடைசியில் இந்த முறைதான் வந்தது.

இது வேலை செய்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சும்மா ஓடவிட்டு, ஒயில் மூடியைக் கழற்றி அந்த வாயின் மேல் ஒரு மெல்லிய பொலித்தீன் பையை வைத்தேன். நல்ல எஞ்சின் என்றால் பொலித்தீன் உள்ளே லேசாக இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். என்னுடையது மெதுவாக மேலே உப்பியது. ஒரு கணம் ஒரு பக்கமாகச் சரிந்து காற்றை விட்டது, திரும்ப உப்பியது. விரலை வைத்தால் சூடான ஒயில் மூச்சு உள்ளங்கையில் அடித்தது. உள்ளே அமுக்கம் சேர்கிறது. முன்னால் கப்பி சீல், பக்கத்தில் தப்பெட் மூடி, பின்னால் கிராங்க் சீல் என்று எல்லா இடத்தாலும் ஒயில் வெளியே வந்ததற்கு ஒரே விளக்கம் இங்கே இருந்தது.

பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தாலும் இப்படி உப்பும். அதனால் குழாயைக் கழற்றும் முன் நாலு சிலிண்டரிலும் அமுக்க அளவியை வைத்துப் பார்த்தேன். நாலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருந்தன, பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஒயில் விட்டுப் பார்த்தபோதும் பெரிய மாற்றமில்லை. வளையத்தில் குற்றமில்லை என்று நம்பி அடுத்த வேலைக்குப் போனேன்.

கழற்றும் முன் எஞ்சினைக் கழுவினேன். மண்ணெண்ணெயும் பழைய பெயின்ற் தூரிகையும் போதும். டிஸ்ரிபியூட்டரைப் பொலித்தீனால் கட்டிவிட்டு, இடுக்குகளில் இருந்த கறுப்புப் பசையை எல்லாம் எடுத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைச் சந்தேகமான இணைப்புகளின் மேல் தூவிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு ரோச் லைட்டோடு குனிந்து பார்த்தேன். பின் தப்பெட் மூடியின் கீழ் விளிம்பில், வெள்ளைப் பவுடருக்கு நடுவே, நூல் அளவு ஒரு கறுப்புக் கோடு முதலில் வந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, ஒரு துளியாகி, எஞ்சின் கட்டையின் விளிம்பு வழியாகப் பின்னால் ஓடி, கிளச் உறையின் அடியில் தொங்கியது. அதாவது, பின் சீலில் இருந்து வருவதாகத் தெரிந்த ஒயிலில் ஒரு பங்கு உண்மையில் பக்க மூடியில் இருந்து வந்துகொண்டிருந்தது. அழுக்கோடு இருந்த எஞ்சினில் இதை யாராலும் கண்டிருக்க முடியாது.

கார்பரேற்றர், தகரத் தடுப்பு, மனிபோல்ட் எல்லாம் கழற்றினால்தான் அந்த மூடிகளுக்குக் கை போகும். பொறுமை தேவைப்படும் வேலை. முன் மூடியின் குப்பிக்குள் இருந்த கம்பி வலை தார் மாதிரி அடைத்திருந்தது. குப்பியைத் திறக்க முடியாது, அதனால் மூடியோடு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காற்றடித்து, திரும்ப ஊறப்போட்டு, ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் தாராளமாகக் காற்று வரும்வரை செய்தேன். கார்பரேற்றரில் குழாய் செருகும் சின்ன மூக்குகளும் பாதி அடைத்திருந்தன, மெல்லிய செப்புக் கம்பியால் எடுத்தேன். ரப்பர் குழாய் உள்ளே உரிந்து தொங்கியது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒயில் தாங்கும் குழாய் அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். சாதாரண தண்ணீர்க் குழாயை இங்கே போடக்கூடாது, சில மாதத்தில் ஊதிப் பிசுபிசுத்துப் போகும்.

மூடிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் பிடிக்கிறது. ஒழுகுகிறது என்று யாரோ ஒருகாலத்தில் அதை இறுக்கு இறுக்கென்று இறுக்கியிருக்கிறார்கள். தகரம் நடுவில் குழிந்து, விளிம்பு அலையாகிவிட்டது. அப்படியான மூடிக்கு எந்தக் காஸ்கெட் போட்டாலும் பிடிக்காது. ஒரு தட்டையான மரக்கட்டையில் கவிழ்த்து வைத்து, சின்னச் சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டி நேராக்கினேன். கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் ஆடாமல் உட்கார வேண்டும், அதுதான் கணக்கு. கோர்க் காஸ்கெட் கடையில் நெடுநாள் கிடந்து சுருங்கியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் பழைய அளவுக்கு வரும். காஸ்கெட்டை மூடியின் பக்கம் மட்டும் பசை பூசி ஒட்டி, எஞ்சின் பக்கம் லேசாக ஒயில் தடவிப் பூட்டினேன். போல்டை இறுக்கும்போது கோர்க் கொஞ்சம் அமுங்குவது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

எல்லாம் பூட்டி, திரும்பச் சூடாக்கி, பொலித்தீனை வைத்தேன். உள்ளே இழுபட்டு வாயோடு ஒட்டிக்கொண்டது. கப்பிக்கு முன்னால் விழுந்த சொட்டுகள் நின்றுவிட்டன, அந்த சீலை நான் தொடவே இல்லை. பக்கத்து ஈரமும் இல்லை. நடுவில் விழும் வட்டம் மட்டும் சிறுத்தது, முழுதாக நிற்கவில்லை.

அது எங்கிருந்து வருகிறது? கிளச் உறையின் அடியில் ஒரு துளை, அதில் ஒரு பிளவு ஊசி தொங்கும். உள்ளே சேரும் ஒயில் வெளியே வருவதற்காகவே வைத்த வழி அது. எஞ்சினின் பின் சீலும் ஒழுகலாம், கியர் பொக்ஸின் முன் பக்கமும் ஒழுகலாம், இரண்டும் ஒரே துளையால்தான் சொட்டும். எஞ்சின் ஒயிலை மாற்றாமல் கறுப்பாகவே விட்டுவிட்டு, கியர் பொக்ஸுக்கு மட்டும் புது ஒயில் ஊற்றி ஓட்டினேன். பிரிஸ்டல் போட்டில் விழுந்தது கறுப்பு. ஆக, எஞ்சினின் பின் சீல். 1964 கடைசிவரை வந்த, கிராங்க் தண்டை மூன்று பெயரிங் தாங்கும் எஞ்சின்களில் அந்த இடத்தில் ரப்பர் சீலே கிடையாது, ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் ஒரு புரி வெட்டு மட்டும்தான்; நின்றால் சில சொட்டு விழுவது அதற்கு இயல்பு. என்னுடையது ஐந்து பெயரிங், சீல் உண்டு, ஆனால் அதை மாற்ற எஞ்சினை வெளியே எடுத்தே ஆக வேண்டும். இரவில் நாலைந்து சொட்டுக்காக அதைச் செய்ய மாட்டேன். கீழே ஒரு தட்டு வைத்தால் போதும், ஒயில் அளவுக் கம்பியை அடிக்கடி பார்த்தால் போதும்.

ஓட்டுநர் பக்கக் கம்பளம் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. கிளச் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகினால் திரவம் பெடல் வழியாக இறங்கிக் கால்மாட்டில்தான் சேரும். பெடல் தண்டையும் மேல் பெட்டியையும் காகிதத் துணியால் துடைத்துப் பார்த்தேன், உலர்வு. கம்பளத்தைப் பிழிந்தால் வந்தது வெறும் மழைத்தண்ணீர். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் வலைக்கு ஒரு வடிகுழாய் உண்டு. பக்கத்து வளவு மாமரத்தின் இலையெல்லாம் உள்ளே போய் மக்கி அதை அடைத்திருந்தது. தென்மேல் பருவமழைக்கு முன் வருடாவருடம் அதைச் சுத்தம் செய்வது இப்போது கட்டாயம். இந்த வண்டியின் பக்கவாட்டுத் தகரப் பெட்டிகள்தான் உடலையே தாங்குகின்றன, தண்ணீர் தேங்கி அவை துருப்பிடித்தால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. கடற்காற்று வேறு.

கிளச்சின் கீழ் சிலிண்டர் மட்டும் ரப்பர் உறைக்குள் கொஞ்சம் ஈரமாக இருந்ததால் அதை மாற்றினேன். நம் ஊர் ஈரப்பதனில் பிரேக் திரவம் சும்மா இருந்தே தண்ணீரை உறிஞ்சும், சிலிண்டரின் உட்சுவர் குழிகுழியாக அரிக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டொட் 4 திரவத்தை முழுதாக மாற்றுகிறேன். இந்த வண்டியின் கிளச்சில் காற்று எடுப்பது பெயர்போன தலையிடி. பாமசியில் வாங்கிய பெரிய சிரிஞ்சில் திரவத்தை நிரப்பி, கீழே இருக்கும் நிப்பிள் வழியாக மேல்நோக்கித் தள்ளினால் காற்று தானாக மேலே போய்விடும். மேல் கிண்ணத்தில் குமிழிகள் நிற்கும்வரை தள்ள வேண்டும், நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயின்றில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

ஒழுகாத ஒன்றையும் மாற்றினேன். எஞ்சினில் இருந்து ஒயில் அமுக்க மானிக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய். ஓடும்போது அதற்குள் சதுர அங்குலத்துக்கு 60 றாத்தல் அளவு அமுக்கம் இருக்கும், வெடித்தால் அத்தனை ஒயிலும் வீதியில். வளைத்துப் பார்த்தால் மேலே வெடிப்புகள் தெரிந்தன, அவ்வளவு போதும். ஒயில் கூலர் குழாய்களையும் அப்படியே பார்க்க வேண்டும். ஒயில் இறக்கும்போது கீழ் போல்டின் செப்பு வாசரைத் தூக்கி எறிய வேண்டாம். காஸ் அடுப்பில் சிவக்கும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு திரும்ப மென்மையாகும், இன்னொரு தடவைக்குப் பிடிக்கும்.

ரேடியேற்றரில் இப்போதைக்குக் குறையில்லை. தண்ணீர்ப் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையில் பச்சைக் கறை வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். வந்தால் பம்பின் சீல் போகிறது என்று அர்த்தம்.

ஓகஸ்டில் லண்டனில் இருந்து அக்கா வருகிறா. பின் கிராங்க் சீல், கிளச் தட்டு, கிராஃபைட் தள்ளு பெயரிங், கியர் பொக்ஸ் முன் மூடிக் காஸ்கெட் எல்லாம் கொண்டுவரச் சொல்லி எழுதிவிட்டேன். கிளச் தேய்ந்து எஞ்சினை இறக்கும் நாள் வரும்போது அவை எல்லாம் ஒன்றாகப் போகும். அதுவரை கீழே தட்டு இருக்கட்டும்.